நோய்க்குத் தனி நிதியா, மருத்துவமனைக்குப் பொது நிதியா?

ஏழை நாடுகளின் சுகாதாரத்துக்கு வரும் உதவிப் பணத்தை ஒரு குறிப்பிட்ட நோய்க்கென ஒதுக்குவதா (தனி நிதி), மொத்த மருத்துவ அமைப்பையும் வலுப்படுத்தக் கொடுப்பதா (பொது நிதி) என்பதுதான் கேள்வி. தனி நிதிக்கு உதாரணம்: எய்ட்ஸ், காசநோய், மலேரியா மூன்றுக்குமான உலக நிதியம் 2002இல் தொடங்கியது. மறு ஆண்டே எய்ட்ஸுக்கென அமெரிக்க அரசின் உதவித் திட்டமான பெப்ஃபார் வந்தது. குறி தெளிவாக இருந்ததால் பணம் வேகமாகப் போய்ச் சேர்ந்தது, லட்சக்கணக்கானோர் பிழைத்தார்கள். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

சரி, அந்தப் பணம் போய்ச் சேர்ந்த ஒரு மருத்துவமனையில் பக்கத்து அறையைப் பாருங்கள். எச்ஐவி பிரிவில் மாத்திரை, ஆய்வகம் எல்லாம் இருக்கும். பிரசவ அறையில் கையுறைக்கே தட்டுப்பாடு. கூடுதல் சம்பளத்துக்காகச் செவிலியர் எச்ஐவி பிரிவுக்குப் போய்விட்டால், நள்ளிரவில் வலியோடு வருகிற பெண்ணை யார் பார்ப்பது? தனி நிதியின் பெரிய குறை இதுதான்.

பொது நிதி மெதுவாகத்தான் பலன் தரும். எத்தனை உயிர் பிழைத்தது என்று எண்ணிக் காட்டுவதும் கடினம். அதனால் கொடையாளர்கள் தயங்குகிறார்கள். ஆனாலும் எத்தியோப்பியா 2003இல் தொடங்கிய பொதுச் சுகாதாரத் திட்டத்தில் 30,000க்கும் அதிகமான சுகாதாரப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், கிராமங்களுக்குப் போனார்கள். தடுப்பூசி, மலேரியா, தாய்சேய் நலம் எல்லாவற்றையும் அவர்களே பார்த்தார்கள்.

என் ஓட்டு பொது நிதிக்குத்தான். அப்புறம், தனி நிதியும் பொதுவாகப் பயன்படலாம்: 2014இல் நைஜீரியாவில் எபோலாவை அடக்கக் கைகொடுத்தது போலியோ ஒழிப்புக்காக உருவான குழுவும் அனுபவமும்தான்.