நீதிமன்ற எல்லை மாறிய கிராமங்களில் வழக்கு நிலுவையில் உள்ளவர்கள் கவனத்திற்கு

வட்டம் பிரிக்கப்பட்டு, எங்கள் உள்வட்டத்துக் கிராமங்கள் புதிய மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தின் எல்லைக்குள் சேர்க்கப்பட்டபோது, வண்டிப்பாதை தொடர்பாக என் தந்தையார் தொடுத்திருந்த வழக்கு பழைய நீதிமன்றத்தில் சாட்சி விசாரணையில் இருந்தது. புதிய ஊருக்கு வந்துபோக இயலாது என்று சொன்ன எங்கள் வழக்கறிஞர், வேறொருவரை நியமித்துக்கொள்ள ஆட்சேபணை இல்லை என எழுதிக்கொடுத்து விலகிக்கொண்டார். அந்த இடைவெளியில்தான் வழக்கறிஞர் குமாஸ்தா என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்ட ஒருவர் எங்களிடம் வந்து சேர்ந்தார்.

எல்லை மாறிவிட்டதால் பழைய வழக்கு செல்லாது, புதிய நீதிமன்றத்தில் மீண்டும் கட்டணம் செலுத்திப் பிராது (வாதியின் வழக்கு மனு) தாக்கல் செய்ய வேண்டும், அறிவிப்பு வரும்வரை நீங்கள் வர வேண்டியதில்லை என்றார். நாங்கள் நம்பி, இரண்டு தவணையாகப் பணம் கொடுத்தோம். அதற்கு அவர் தந்தது முத்திரையில்லாத ஒரு துண்டுச் சீட்டு.

உண்மை வேறு. எல்லை மாற்றத்தால் ஒரு நீதிமன்றத்தின் அலுவல் மற்றொன்றுக்கு மாற்றப்படும்போது, 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 150ஆம் பிரிவின்படி, புதிய நீதிமன்றம் பழையதன் அதிகாரங்களையெல்லாம் பெறுகிறது. வழக்குக் கட்டு அலுவலக வழியாகவே அங்கு செல்லும். விட்ட இடத்திலிருந்து விசாரணை தொடரும். கட்டணம் மறுபடி கேட்கப்படுவதில்லை. தொடக்கத்திலேயே எல்லை தவறித் தாக்கலான பிராதைத்தான் நீதிமன்றம் திருப்பித் தரும். அதை உரிய இடத்தில் நாமே மீண்டும் தாக்கல் செய்ய வேண்டும். இந்த இரண்டையும் சாமர்த்தியமாகக் குழப்பித்தான் அவர் எங்களை ஏமாற்றினார். நாலு எழுத்துப் படித்த எனக்கே அந்த வேறுபாடு அப்போது தெரிந்திருக்கவில்லை.

வழக்கு தானாகப் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாய்தா எது என்ற செய்திதான் எங்களுக்கு வந்து சேரவில்லை. புதிய எண்ணில் வழக்கு அழைக்கப்பட்டபோதெல்லாம் பிரதிவாதி ஆஜராக, வாதி தரப்பில் யாரும் இல்லாததால் அது தள்ளுபடியாகிவிட்டது. மீட்டெடுக்க மனுச் செய்வதற்கான காலம் தள்ளுபடியான நாளிலிருந்து 30 நாட்களே. எங்களுக்குத் தெரியவந்தது ஐந்து மாதம் கழித்து.

ஆகவே, உங்கள் கிராமம் வேறு நீதிமன்ற எல்லைக்கு மாறுவதாகக் கேள்விப்பட்டால், அரசிதழ் அறிவிப்பில் அதன் பெயரும் நடைமுறைக்கு வரும் தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய நீதிமன்ற அலுவலகத்தில் கட்டு எந்நாளில் அனுப்பப்பட்டது என்று கேளுங்கள். வழக்கு விவரம் காட்டும் இ-கோர்ட்ஸ் செயலியில் பழைய எண்ணை மட்டும் நம்பாமல், புதிய நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுத்து, வாதியின் பெயரைக் கொண்டும் தேடுங்கள். அது இலவசம். வழக்கறிஞர் இல்லையென்றால் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடியினரும் வருமானம் எதுவாயினும் இலவச உதவி பெறலாம். உதவி எண் 15100.

இப்போது மீட்பு மனுவுடன், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் நிலுவையில் உள்ளது. சென்ற வாய்தாவுக்குப் போயிருந்தபோது அதே மனிதர், பக்கத்துக் கிராமத்துப் பெரியவர் ஒருவரின் பத்திரக் கட்டைக் கையில் வாங்கிப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெரியவரைத் தனியே அழைத்துச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.