காடி ஏர்கோன் பழுதா? பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

1,350 வெள்ளி. நேற்றுதான் உண்மை தெரிந்தது, இரவெல்லாம் தூக்கமில்லை. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் காடி வைத்திருக்கும் நம்மவர்கள் இன்னொருவர் ஏமாறக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். கடைப் பெயரைப் போடவில்லை. ஏர்கோன் மட்டும் பார்க்கும் ஒரு சின்னப் பட்டறை, அவ்வளவுதான்.

என் மைவி காடியில் காலையில் ஏர்கோன் நன்றாக இருக்கும். மதிய வெயிலில் காற்று வரும், குளிர் வராது. அம்மாவை டயாலிசிஸுக்கு ஈப்போவுக்குக் கூட்டிப் போய் வருகிறேன். களைத்துப்போய்த் திரும்புபவரை அந்த அனலில் எப்படி உட்கார வைப்பது? கண்ணாடியை இறக்கினால் செம்பனை லோரிப் புழுதி.

பட்டறைக்காரத் தம்பி பானட்டைத் திறக்கும் முன்பே அம்மாவிடம் போனான். "எந்தத் தோட்டம்மா நீங்க?" அம்மா சொன்னதும், "எங்க பாட்டியும் அங்கதான் மரம் சீவுனாங்க" என்றான். நாற்காலி போட்டான், காற்றாடியை அம்மா பக்கம் திருப்பி வைத்தான், மைலோ வாங்கி வரச் சொன்னான். பிறகு என்னைக் கூப்பிட்டு, ஏர்கோன் கேஸை அழுத்தி ஓட வைக்கும் பம்பான கம்பிரசரைக் காட்டி, விரல் நுனியில் கறுப்பு எண்ணெயைக் காட்டினான். "அக்கா, கம்பிரசர் ஜாம் ஆயிருச்சு லா. இப்படியே ஓட்டுனா இரும்புத்தூள் பைப்புக்குள்ள போயிரும், அப்புறம் செலவு டபுள்." அம்மா, "நம்ம புள்ளதானே, செஞ்சிரு" என்றார். அந்த ஒரு வார்த்தையை வாங்கத்தான் பாட்டியை இழுத்தானா? நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

புதுக் கம்பிரசர், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து 1,350 வெள்ளி. ஆறு மாத வாரண்டி, அதுவும் வாய்ப்பேச்சு. ரசீது என்று தந்தது முத்திரை இல்லாத துண்டுத்தாள். பழைய கம்பிரசர் எங்கே என்றதற்கு, பழைய இரும்பு லோரியில் போய்விட்டதாம்.

அன்று சாயங்காலம் ஜில்லென்று இருந்தது. அடுத்த முறை ஈப்போவிலிருந்து திரும்பும்போது அதே அனல். போன் செய்தால், "புதுக் கேஸ் செட்டாகணும் அக்கா, கொஞ்சம் ஓட்டுங்க" என்றான். நேரில் போனால் "பாஸ் இல்ல". வெயிலில் நிறுத்துகிறேனாம், அதனால்தான் இப்படியாம். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. கடைசியில், "வாரண்டி கம்பிரசருக்குத்தான், வயரிங்குக்கு இல்ல" என்று கட் பண்ணிவிட்டான். பாட்டி கதை பேசிய அதே வாய்.

நேற்று செம்மோரில் ஓர் அண்ணனிடம் காட்டினேன். என்ஜினை ஓடவிட்டு ஏர்கோன் சுவிட்சைப் போட்டார். கம்பிரசரை என்ஜினோடு இணைக்கும் கிளட்ச் "டக்"கென்று பிடிக்கும் சத்தம் வரவே இல்லை. பியூஸ் பெட்டியிலிருந்து ஏர்கோன் ரிலேயை, அதாவது அந்தக் கிளட்ச்சுக்குக் கரண்ட் விடும் சின்ன சுவிட்சைக் கழற்றி, பக்கத்தில் இருந்த அதே மாதிரி ரிலேயை அங்கே மாட்டினார். உடனே டக். குளிர் வந்துவிட்டது. பழைய ரிலேயின் உள்ளே கான்டேக்ட் கருகிப்போயிருந்தது. சூடேறினால் தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் மறுபடி வேலை செய்யும். காலையில் குளிர்ந்து மதியத்தில் நின்றது அதனால்தான். ரிலே விலை 25 வெள்ளி!

"ஜாம் ஆன கம்பிரசர்னா சுவிட்ச் போட்டதும் பெல்ட் கிறீச்சுனு கத்தும், என்ஜின் திணறும். அப்படி இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். ஒருநாளும் இல்லை. அந்தப் 'புது' கம்பிரசரையும் டார்ச் அடித்துக் காட்டினார். கீறல் விழுந்த பழைய போல்ட்டுகளின் மேலேயே கறுப்பு பெயிண்ட் அடித்திருக்கிறது. நல்லா இருந்த என் கம்பிரசரைக் கழற்றிக்கொண்டு, யாரோ ஓட்டித் தள்ளியதை 1,350 வெள்ளிக்கு மாட்டியிருக்கிறான்.

அவசரமாகச் சில விஷயங்கள். குளிர் வரவில்லை என்றால் முதலில் பியூஸ், ரிலே, முன்னால் இருக்கும் காற்றாடி மூன்றையும் உங்கள் கண் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். கேஸ் குறைவு என்றால் லீக் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள், கேஸ் தானாகத் தீர்ந்துபோவதில்லை. கழற்றிய சாமானைக் கையோடு வாங்குங்கள். கடைப் பெயரும் வாரண்டியும் எழுதிய ரசீது இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். ஏமாந்தவர்களின் புகாரை விசாரிக்கும் பயனீட்டாளர் திரிபூனலில் 5 வெள்ளி கட்டி மனு போடலாம், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம். துண்டுத்தாள், வாட்ஸ்அப், செம்மோர் அண்ணன் எழுதிக் கொடுத்தது எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டேன். திங்கட்கிழமை மனு போடுகிறேன்.