எல்.எம்.எஸ். வாங்கும் முன் எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள்

பல்கலைக்கழகத்துக்கு எல்.எம்.எஸ். (பாடம், தேர்வு, மதிப்பெண் எல்லாவற்றையும் இணையத்தில் நடத்தும் மென்பொருள்) தேர்ந்தெடுக்கும் குழுவில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களை ஏமாற்றிய நிறுவனத்தின் பெயர் வேண்டாம், ஏமாற்றிய விதம் தெரிந்தால் போதும்.

ஸ்கார்ம் (பாடத்தைப் பொதியாக்கி வெவ்வேறு எல்.எம்.எஸ்.களில் இயக்குவதற்கான தரம்) உண்டா, எல்.டி.ஐ. (வெளிக் கருவிகளை எல்.எம்.எஸ்.ஸுடன் இணைக்கும் தரம்) உண்டா, தரவை வெளியே எடுக்க முடியுமா என்று கேட்டிருந்தோம். எல்லாவற்றுக்கும் "ஆம்" என்று எழுதிக் கொடுத்தார்கள். டெமோவும் குறையில்லாமல் நடந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரத்தில் சந்தாவைத் தாறுமாறாக ஏற்றினார்கள். சரி, மூடுல் என்ற இன்னொரு எல்.எம்.எஸ்.ஸுக்கு மாறிவிடலாம் என்று தரவைக் கேட்டபோதுதான் சிக்கல் வெளியே வந்தது.

வினா வங்கியை பி.டி.எஃப். ஆகத் தந்தார்கள். ஆசிரியர்கள் வருடக்கணக்கில் சேர்த்த கேள்விகள் அவை. எது சரியான விடை என்ற குறிப்பு இல்லை, சமன்பாடுகள் வெறும் படங்களாகக் கிடந்தன. வினாக்களை வேறு மென்பொருளுக்கு மாற்ற உதவும் க்யூ.டி.ஐ. அல்லது மூடுல் எக்ஸ்.எம்.எல். வடிவில் கொடுங்கள் என்றால், அதற்குத் தனிக் கட்டணமாம். மதிப்பெண்கள் எக்செலில் வந்தன, அதிலும் மொத்தம் மட்டும்தான். மாணவர் எழுதிய விடையும் ஆசிரியர் போட்ட திருத்தமும் வரவே இல்லை. நாளைக்கு மறுமதிப்பீடு கேட்டு வரும் பிள்ளைக்கு எதைக் காட்டுவது? இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஸ்கார்மும் அப்படித்தான். வெளியில் செய்த பொதியை இயக்கும். உள்ளே உருவாக்கிய பாடத்தை ஸ்கார்மாக வெளியே தராது. எல்.டி.ஐ. என்று சொன்னது பழைய 1.1. அதைவிடப் பாதுகாப்பான 1.3 வெளிவந்தது 2019-இல். பழையதை அந்தத் தரத்தை வகுத்த அமைப்பே கைவிட்டுவிட்டது.

அதனால் டெமோவை நம்பாதீர்கள், சோதனைக் கணக்கு கேளுங்கள். உங்கள் பாடம் ஒன்றை ஏற்றி, சமன்பாடும் தமிழ் எழுத்தும் உள்ள வினாக்களைப் போட்டு, மாணவர் கணக்கில் விடை எழுதி, திருத்துங்கள். பிறகு அத்தனையையும் எக்ஸ்போர்ட் செய்து, காலியான ஒரு மூடுலில் ஏற்றிப் பாருங்கள். மூடுல் திறமூல மென்பொருள், நிறுவக் காசு கிடையாது. ஏறாதது எதுவோ அது உங்கள் கையில் இல்லை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

எந்த வடிவில், எத்தனை நாளுக்குள், கட்டணமின்றித் தரவு தருவார்கள் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். "நாங்கள் மூடுலைத்தான் நடத்தித் தருகிறோம்" என்பவர்களையும் விடாதீர்கள். பாட பேக்கப் மட்டும் போதாது. தரவுத்தளம், ஏற்றிய கோப்புகள் இருக்கும் மூடுல்டேட்டா கோப்புறை, அவர்கள் சொந்தமாகச் சேர்த்த ப்ளகின்கள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) ஆகிய மூன்றையும் தருவதாக எழுதி வாங்குங்கள்.