சேமித்த குழு எதை நினைவில் வைத்திருக்க வேண்டும்? வீட்டு ஒலியமைப்போடு ஐந்தாண்டுகள்

எங்கள் வீட்டில் ஐந்து இடங்களில் வைஃபை ஸ்பீக்கர்கள் இருக்கின்றன: கூடம், சமையலறை, அம்மாவின் அறை, மாடியில் மகளின் அறை, மொட்டைமாடிக் கதவருகே ஒன்று. எல்லாம் ஒரே நிறுவனத்தின் தயாரிப்புகள். 2020ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி ஒவ்வொன்றாக வாங்கியவை. ஒலித்தரத்தைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. இந்த ஐந்தாண்டுகளில் என் நேரத்தையும் சிந்தனையையும் அதிகம் எடுத்துக்கொண்டது, பல அறைகளை ஒரு குழுவாக இணைத்து, அந்த இணைப்பை மறுபடி மறுபடி அமைக்காமல் ஒரே தொடுதலில் திரும்பப் பெறுவது எப்படி என்ற கேள்விதான். அதைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அம்மா காலை ஐந்தரைக்கு எழுவார். அவருடைய அறையில் மெல்லிய அளவிலும், சமையலறையில் குக்கர் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும் அளவிலும் நாதஸ்வரம் ஒலிக்க வேண்டும். கூடத்தில் நாங்கள் தூங்குவதால் அங்கே எதுவும் கேட்கக் கூடாது. இதற்குச் செயலியைத் திறந்து, ஓர் அறையைத் தேர்ந்தெடுத்து, மற்ற அறையைக் குறியிட்டு, உறுதிசெய்து, இரண்டு இடங்களிலும் ஒலியளவைத் தனித்தனியே சரிசெய்ய ஒரு நாள் எண்ணிப் பார்த்தபோது ஒன்பது தொடுதல்கள் தேவைப்பட்டன. எழுபதைக் கடந்த ஒருவரிடம் தினமும் காலையில் இதைச் செய்யச் சொல்வது நியாயமில்லை.

குழுவுக்குப் பெயரிட்டுச் சேமிக்கும் வசதி செயலியிலேயே இருந்தது. 'காலை' என்று ஒன்றைச் சேமித்தேன். முதல் இரண்டு வாரங்கள் எல்லாம் சரியாகவே நடந்தன. ஒரு நாள் பிற்பகல், மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததால் கச்சேரி சரியாகக் கேட்கவில்லை என்று அம்மா தன் அறை ஸ்பீக்கரின் ஒலியளவை 55 வரை கூட்டியிருக்கிறார். வழக்கமான அளவு 14. மறுநாள் காலை குழு தொடங்கியபோது அந்த 55 அப்படியே இருந்தது. தவிலின் முதல் அடியிலேயே பதறி எழுந்தவர், நான் ஓடிச் சென்று பார்த்தபோது கட்டிலின் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய கை நடுங்கிக்கொண்டிருந்ததை நான் மறக்கவில்லை. சேமித்த குழுவுக்கு எந்தெந்த அறைகள் என்பது மட்டுமே தெரியும், எந்த அறைக்கு எவ்வளவு ஒலி என்பது தெரியாது என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

குழுவுக்கென்று ஒரு பொதுவான ஒலியளவுப் பட்டை இருக்கிறதே என்று கேட்கலாம். அது எல்லா ஸ்பீக்கர்களையும் அவற்றின் இப்போதைய அளவிலிருந்து சேர்த்து ஏற்றி இறக்குவது. ஏற்கெனவே தவறாக இருக்கும் விகிதத்தை அது திருத்துவதில்லை. அதோடு, என் அமைப்பில் பட்டையைச் சுழியம் வரை இழுத்துவிட்டு மீண்டும் உயர்த்தினால் அறைகளுக்கிடையே இருந்த வேறுபாடு அழிந்து, எல்லாம் ஒரே அளவில் எழுந்து வந்தன. தொலைபேசி அழைப்பு வரும்போது நாம் எல்லோரும் இயல்பாகச் செய்வது இதைத்தான். இப்போது எங்கள் வீட்டில் அழைப்பு வந்தால் நிறுத்தும் பொத்தானைத்தான் அழுத்துகிறோம்.

இந்த வசதிக்கு ஒரு நீண்ட வரலாறு இருப்பதைப் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். பல அறை ஒலியமைப்பை வீடுகளுக்குக் கொண்டுவந்தவற்றுள் முக்கியமான சோனோஸ் நிறுவனம் தன் முதல் கருவிகளை விற்கத் தொடங்கிய 2005ஆம் ஆண்டிலேயே, அறைகளின் இணைப்பைச் சேமித்து வைக்க ஒரு வழி வேண்டும் என்று பயனர்கள் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். ஒரே ஸ்பீக்கர் இரண்டு மூன்று சேமித்த குழுக்களில் இடம்பெறலாம், அழைக்கும்வரை அது தனியாகவே இயங்கலாம் என்ற கருத்தின் மீதான காப்புரிமைக்காக சோனோஸ் கூகுளுக்கு எதிராக வழக்காடியது. 2023 மே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் நடுவர் குழு 3.25 கோடி டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் நீதிபதி வில்லியம் ஆல்சப் அதைத் தள்ளுபடி செய்தார். 2025இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆல்சப்பின் முடிவை மாற்றியது. அந்த வழக்கில் 2005ஆம் ஆண்டுப் பயனர்களின் கோரிக்கைகளும் சான்றாகப் பேசப்பட்டன. என்னைப் போலவே தினமும் அறைகளைக் குறியிட்டுச் சலித்துப்போன யாரோ சிலர் எழுதிய வரிகள் அவை என்பதை நினைக்கும்போது அவர்களோடு ஒரு நெருக்கம் தோன்றுகிறது.

நான் கண்ட தீர்வு, செயலியை விட்டுவிட்டு ஹோம் அசிஸ்டன்ட் என்ற திறந்தமூல மென்பொருளைப் பயன்படுத்துவது. ஒரு சிறிய ராஸ்பெர்ரி பை கணினியில் அது ஓடுகிறது. ஸ்பீக்கர்களைச் சேர்க்கவும் பிரிக்கவும் ஒலியளவை அமைக்கவும் அதில் தனித்தனிக் கட்டளைகள் உண்டு. அவற்றை வரிசையாக எழுதி ஒரு ஸ்கிரிப்டாகச் சேமித்தால், குழுவோடு ஒவ்வோர் அறையின் ஒலியளவும் சேர்ந்தே நினைவில் நிற்கும். ஆனால் வரிசை முக்கியம், அதைக் கற்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. முதலில் நான் அறைகளை இணைத்துவிட்டுப் பிறகு ஒலியளவைக் குறைத்தேன். இணைந்த கணமே ஸ்பீக்கர் ஒலிக்கத் தொடங்கிவிடுவதால், பழைய அளவு ஒரு நொடி பீறிட்டு வந்து பின்பு அடங்கியது. இப்போது முதலில் பழைய குழுவைப் பிரிக்கிறேன், ஒரு நொடி காத்திருக்கிறேன், ஒவ்வோர் அறைக்கும் ஒலியளவை அமைக்கிறேன், அதன் பிறகே இணைக்கிறேன், எல்லாவற்றுக்கும் கடைசியில் பாட்டைத் தொடங்குகிறேன். நான்கு ஆண்டுகளாக இந்த வரிசையை மாற்ற வேண்டிய தேவை வரவில்லை.

ஒலியளவு என்பது வெறும் வசதிக்கான எண் என்று நினைத்துவிடக் கூடாது. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. அதாவது ஒரு மில்லிநொடிக்கு 34 சென்டிமீட்டர். எங்கள் கூடத்து ஸ்பீக்கர் சமையலறை வாசலிலிருந்து ஏழு மீட்டர் தள்ளி இருக்கிறது. இரண்டும் துல்லியமாக ஒரே கணத்தில் ஒலித்தாலும், சமையலறை வாசலில் நிற்பவருக்குக் கூடத்து ஒலி சுமார் 20 மில்லிநொடி தாமதமாகவே வந்து சேரும். இவ்வளவு தாமதத்தைக் காது பொதுவாக மன்னித்து, முதலில் வந்த ஒலியோடு சேர்த்துக்கொள்ளும். ஆனால் தாமதமாக வருவது உரக்கவும் இருந்தால் பேச்சு மங்கி, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலத் தோன்றும். கூடத்து அளவை 30இலிருந்து 22ஆகக் குறைத்ததும் சமையலறையில் செய்தி வாசிப்பு தெளிந்தது. இந்த 22 என்ற எண்ணைத்தான் சேமிக்க வேண்டியிருந்தது.

குழுவில் எந்த ஸ்பீக்கர் தலைமை ஏற்கிறது என்பதையும் சேமிக்க வேண்டும். என் அமைப்பில், எந்த அறையிலிருந்து குழுவைத் தொடங்குகிறோமோ அந்த ஸ்பீக்கர்தான் இணையத்திலிருந்து பாட்டைப் பெற்று மற்றவற்றுக்குப் பகிர்ந்தளிக்கிறது. ஒரு மழைநாள் மாலை மொட்டைமாடி ஸ்பீக்கரிலிருந்து தொடங்கிப் பிற அறைகளைச் சேர்த்தபோது வீடு முழுவதும் பாட்டு விட்டு விட்டு ஒலித்தது; ரவுட்டரின் அலை மிகக் குறைவாகச் சென்றடையும் இடம் அது. இப்போது என் ஸ்கிரிப்டுகள் எல்லாவற்றிலும் ரவுட்டருக்குப் பக்கத்திலிருக்கும் கூடத்து ஸ்பீக்கரே தலைமை. கூடம் ஒலிக்கக் கூடாத 'காலை' குழுவுக்கு மட்டும் சமையலறை தலைமை ஏற்கிறது.

நீண்ட காலப் பயன்பாட்டில்தான் தெரியவந்த ஒரு சிக்கலும் உண்டு. மகள் கல்லூரி விடுதிக்குச் சென்றபோது தன் ஸ்பீக்கரை மின்சாரத்திலிருந்து கழற்றி வைத்துவிட்டுப் போனாள். அன்று முதல், 'வீடு முழுவதும்' என்ற பெயரில் நான் சேமித்து வைத்திருந்த முன்னமைவு, அதாவது குழுவையும் ஒலியளவுகளையும் அமைக்கும் ஸ்கிரிப்ட், இயங்கவே இல்லை. வலையமைப்பில் இல்லாத ஒரு ஸ்பீக்கரைத் தேடி, கிடைக்காததால் முழுக் கட்டளையும் பாதியில் நின்றுவிட்டது. அப்போது ஸ்கிரிப்டைத் திருத்தி, குழுவில் சேர்ப்பதற்கு முன் ஒவ்வொரு ஸ்பீக்கரும் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததை விட்டுவிட்டு மற்றவற்றோடு தொடரும்படி செய்தேன். அவள் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. விடுமுறைக்கு வந்து ஸ்பீக்கரைச் செருகினால், எந்த மாற்றமும் செய்யாமலே அவள் அறையும் தானாகச் சேர்ந்துகொள்கிறது.

தொலைக்காட்சியின் ஒலியை மற்ற அறைகளுக்கு அனுப்புவதற்கு முன்னமைவு ஒன்றை வைத்திருந்து பிறகு நீக்கிவிட்டேன். ஸ்பீக்கர்கள் ஒத்திசைவதற்குச் சற்றுத் தாமதம் தேவைப்படுவதால் வாயசைவும் குரலும் பொருந்துவதில்லை. கிரிக்கெட் வர்ணனைக்கு மட்டும் அது பரவாயில்லை.

புதிதாகத் தொடங்குபவர்களிடம் நான் வேண்டிக்கொள்வது, முன்னமைவுகளின் எண்ணிக்கையைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதே. ஒரு காலத்தில் பதினொன்று வைத்திருந்தேன். எதில் என்ன அளவு என்று எனக்கே நினைவில்லை. இப்போது 'காலை', 'சமையல்', 'விருந்தினர்', 'வீடு முழுவதும்' என்று நான்குதான். அறைகளின் பெயர்களை வைத்து அழைக்காமல் நேரத்தையும் வேலையையும் வைத்துப் பெயரிட்டதால் வீட்டில் அனைவரும் கேட்காமலேயே பயன்படுத்துகிறார்கள்.

'காலை'க்கு மட்டும் செல்பேசி தேவையில்லை. அம்மாவின் கட்டிலுக்கு அருகே, கண்ணாடி வைக்கும் சிறு பலகையின் ஓரத்தில், ஜிக்பீ என்ற கம்பியில்லா இணைப்பில் இயங்கும் ஒரு சிறு பொத்தானை ஒட்டியிருக்கிறேன். அவர் எழுந்ததும் அதை ஒருமுறை அழுத்துகிறார். முந்தைய நாள் யார் எதை எவ்வளவு கூட்டியிருந்தாலும், அவருடைய அறையில் 14, சமையலறையில் 28.