ட்யூனர் மஸ்டாங் வாங்கப் போகிறீர்களா? பேட்ஜைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள்

டெக்சாஸில் பழைய மஸ்டாங், கேமரோ, சேலஞ்சர் போன்ற மசில் கார்களை (பெரிய இன்ஜின் பூட்டிய அமெரிக்க வேகக் கார்கள்) தேடிக்கொண்டிருப்பவர்கள், குறிப்பாக "ட்யூனர் எடிஷன்" (கம்பெனி காரை எடுத்து, பலத்தைக் கூட்டி, தன் பெயரில் தரும் வெளி நிறுவனத்தின் பதிப்பு) என்று போட்ட விளம்பரங்களைச் சேமித்து வைத்திருப்பவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். டல்லாஸுக்கு வடக்கே ஒரு பழைய கார் கடை எனக்குப் போலியை விற்றது. விவகாரம் வக்கீல் கையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் ஏமாற்றிய விதம் எந்த ஊரிலும் நடக்கக்கூடியது.

கார் ஃபோர்டின் 2018 மஸ்டாங் ஜிடி. ஐந்து லிட்டர் வி8, ஆறு கியர் மேனுவல், சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) பூட்டியது. பெயர் பெற்ற ஒரு ட்யூனர் நிறுவனமே முழுசாகச் செய்து கொடுத்த வண்டி, 750 ஹெச்.பி. (குதிரைத்திறன்), ஃபோர்டு வாரண்டியும் மிச்சம் இருக்கிறது என்றுதான் விளம்பரம். அதே ஆண்டு சாதாரண ஜிடியை விட 15,000 டாலர் கூடுதல் விலை. டாஷ்போர்டில் எண் பொறித்த தகடு, கதவோரம் கோடுகள், சீட்டில் எம்பிராய்டரி, எல்லாம் இருந்தன. நிறுவனத்தின் சான்றிதழ் எங்கே என்று கேட்டேன். முந்தைய ஓனரிடமிருந்து தபாலில் வந்துகொண்டிருக்கிறது, வந்ததும் அனுப்பிவிடுகிறோம் என்றார் சேல்ஸ் மேனேஜர். அதை மின்னஞ்சலிலும் எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு மின்னஞ்சல்தான் இன்று எனக்குப் பிடிமானம்.

சான்றிதழ் வரவே இல்லை.

இங்கேதான் கம்பெனி மசில் காருக்கும் ட்யூனர் காருக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. ஃபோர்டு தன் தொழிற்சாலையிலேயே செய்த ஷெல்பி ஜிடி350, ஜிடி500 கார்களுக்கு அடையாளம் வின் எண்ணிலேயே (ஒவ்வொரு காருக்கும் தனியாக உள்ள அடையாள எண்) இருக்கும். எட்டாவது இடத்தில் வரும் எழுத்து இன்ஜினைக் குறிக்கிறது. ஐந்து லிட்டர் ஜிடிக்கு அது எஃப், 2015க்குப் பின் வந்த ஜிடி350க்கு இசட், 2020இல் வந்த ஜிடி500க்கு ஜே. பேட்ஜை எவ்வளவு மாற்றி ஒட்டினாலும் அந்த எழுத்தை மாற்ற முடியாது. ஆனால் ரவுஷ், சலீன், லாஸ் வேகஸில் இருக்கும் ஷெல்பி அமெரிக்கன் போன்றவர்கள் சாதாரண மஸ்டாங்கை எடுத்துத்தான் வேலை செய்கிறார்கள். அவர்கள் கை வைத்த ஜிடியும் வின் எண்ணின்படி வெறும் ஜிடிதான். அது அவர்களுடைய கார் என்பதற்கு ஆதாரம் அவர்கள் தரும் வரிசை எண்ணும், அவர்களிடம் இருக்கும் பதிவேடும் மட்டுமே. ஷெல்பி அமெரிக்கன் கார்களில் சி.எஸ்.எம். எண் என்று இருக்கும். எந்த எண் எந்த வின்னுக்குக் கொடுக்கப்பட்டது என்பதை அவர்களிடமே சரிபார்க்கலாம். ஏமாற்றுக்காரர்கள் புகுந்து விளையாடுவது இந்த இடைவெளியில்தான். கோடும் பேட்ஜும் தகடும் இணையத்தில் விலைக்குக் கிடைக்கின்றன.

இது இன்று நேற்று ஆரம்பித்த கதையும் இல்லை. 1969இல் பென்சில்வேனியாவின் கேனன்ஸ்பர்க்கில் டான் யென்கோ தன் டீலர்ஷிப் வழியாக 427 கன அங்குல இன்ஜின் கொண்ட கேமரோக்களை விற்றார். மொத்தமே சுமார் 200 கார்கள். இன்று அவற்றின் விலை எட்டாத உயரத்தில் இருப்பதால், சாதாரண கேமரோவை யென்கோ போலச் செய்தவையும் சந்தையில் சுற்றுகின்றன. போலி என்று சொல்லியே விற்றால் அதில் தவறே இல்லை. சொல்லாமல் விற்பதுதான் மோசடி.

என் கார் விஷயத்துக்கு வருகிறேன். நெடுஞ்சாலையில் கொஞ்சம் அழுத்தி ஓட்டினால் முதலில் நன்றாக இழுக்கும், அப்புறம் தளர்ந்துவிடும். கார்லண்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மதுரைக்காரத் தம்பி ஒருவரிடம் கொண்டுபோனேன். பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தவர், "அண்ணே, இது கம்பெனி கையே இல்லைண்ணே" என்றார். இன்டர்கூலர் (சூப்பர்சார்ஜர் தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஹோஸ்களில் ஒன்று பிளாஸ்டிக் டையால் கட்டப்பட்டு, ரேடியேட்டர் விசிறி உறையில் உரசி உரசி ஓரம் வெளுத்திருந்தது. பெட்ரோல் பம்புக்குப் போகும் வயரை நடுவில் வெட்டி, இன்னொரு வயரைச் சேர்த்து, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். டேப் சூட்டில் இளகிப் பிசுபிசுத்தது. டாஷ்போர்டுத் தகட்டை நகத்தால் நெம்பினார். இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டியது, கையோடு வந்துவிட்டது.

டைனோவில் (காரின் பலத்தை அளக்கும் கருவி) ஏற்றிப் பார்த்தோம். சக்கரத்தில் 540 ஹெச்.பி. இன்ஜினிலிருந்து சக்கரம் வரை வழியில் போகும் இழப்பை 15 சதவீதம் என்று வைத்தாலும் இன்ஜினில் 635தான். தகட்டில் இருந்த எண்ணை அந்த ட்யூனர் நிறுவனத்துக்கு அனுப்பிக் கேட்டேன். அது வேறு ஆண்டு, வேறு வண்ணக் காருக்குக் கொடுத்த எண் என்று பதில் வந்தது.

ஹெச்.பி. குறைவு என்பதோடு நின்றிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஒரு நாள் காலையில் மூன்றாவது கியரில் ஆயில் பிரஷர் முள் அப்படியே விழுந்தது. இன்ஜினை உடனே அணைத்தும் பயனில்லை. பிரித்தபோது ஆயில் பம்பின் உள் கியர் மூன்று துண்டாக உடைந்து கிடந்தது, கிராங்க் பேரிங்குகள் தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தது. இந்த இன்ஜினில் சூப்பர்சார்ஜர் போடுகிறவர்கள் பலரும் முதலில் மாற்றுவது இந்தக் கியரைத்தான். கம்பெனி கியர் உலோகப் பொடியை அழுத்திச் செய்தது. 460 ஹெச்.பி. ஜிடிக்கு அது தாராளம். பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் தரும் காற்றழுத்தம்) ஏறி, கட்டுப்பாடு இல்லாத ட்யூனில் (இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பு) அடிக்கடி ரெட்லைன் (இன்ஜின் சுற்றக்கூடிய உச்ச எல்லை) தொட்டால் தாங்காது. போதாக்குறைக்கு 2018 ஜிடியின் கம்ப்ரஷன் விகிதம் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) 12க்கு 1, அதுவே அதிகம். அதன்மேல் பூஸ்ட் கொடுப்பவர் இக்னிஷன் டைமிங்கையும் பெட்ரோலையும் மிகக் கவனமாக அமைக்க வேண்டும். இந்தக் காரில் யாரோ இணையத்தில் வாங்கிய ட்யூனை அப்படியே ஏற்றியிருந்தார்கள்.

கம்பெனி செய்யும்போது என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். ஜிடி500இல் 760 ஹெச்.பி. என்று முடிவு செய்தபோது ஃபோர்டு சூப்பர்சார்ஜரை மட்டும் வைத்து நிறுத்தவில்லை. 5.2 லிட்டர் இன்ஜின், ஏழு கியர் இரட்டை கிளட்ச் பெட்டி, கார்பன் ஃபைபர் டிரைவ் ஷாஃப்ட், முன்சக்கரத்தில் 16.5 அங்குல பிரேக் டிஸ்க் என்று அந்தப் பலத்தைத் தாங்க வேண்டிய எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றியது. 2015இல் 707 ஹெச்.பி. சேலஞ்சர் ஹெல்கேட்டைக் கொண்டுவந்த டாட்ஜும் இப்படித்தான் செய்தது. நல்ல ட்யூனர்களும் இதே சிந்தனையோடுதான் வேலை செய்கிறார்கள். அசல் ட்யூனர் காரை நான் குறை சொல்லவே மாட்டேன். ரவுஷ் போன்றவர்கள் சொந்த வாரண்டியோடு ஃபோர்டு டீலர்கள் மூலமாகவே விற்கிறார்கள். நாம் கொடுக்கும் கூடுதல் பணம் அந்தப் பொறுப்புக்குத்தான். போலியில் அந்தப் பணம் முழுக்க கடைக்காரன் பைக்குப் போகிறது.

வாரண்டி என்ன ஆயிற்று? ஃபோர்டின் பவர்ட்ரெயின் வாரண்டி 5 ஆண்டு அல்லது 60,000 மைல். காலமும் மைலும் மீதி இருந்தன. ஆனால் டீலர் சர்வீஸில் கம்ப்யூட்டரைப் படித்ததும் ட்யூன் மாற்றியது தெரிந்துவிட்டது, மறுத்துவிட்டார்கள். வெளிப் பாகம் பூட்டியதற்காக மட்டும் வாரண்டியை மறுக்கக் கூடாது என்கிறது 1975இன் மேக்னஸன்-மாஸ் சட்டம். ஆனால் அந்த மாற்றம்தான் பழுதுக்குக் காரணம் என்று காட்ட முடிந்தால் மறுக்கலாம். என் காரில் அதைக் காட்டுவது கஷ்டமே இல்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது.

கோபமெல்லாம் விற்ற கடை மேல்தான். கேட்டால், கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளைக் காட்டுகிறார்கள்: "உள்ளபடியே விற்பனை, டீலர் வாரண்டி இல்லை". வக்கீல் சொன்னது வேறு. உள்ளபடியே வாங்குகிறேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தாலும், தெரிந்தே பொய் சொல்லி விற்றதற்கு அந்தத் தாள் கவசம் ஆகாது. டெக்சாஸின் ஏமாற்று வணிகச் சட்டப்படி, வழக்குப் போடுவதற்கு 60 நாள் முன்னால் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டோம். மாநில மோட்டார் வாகனத் துறையிலும் கடை மேல் புகார் பதிவாகியிருக்கிறது. தொகை 20,000 டாலருக்குள் இருந்தால் ஜஸ்டிஸ் கோர்ட்டிலேயே (சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றம்) போகலாம். இன்ஜின் செலவையும் சேர்த்தால் என் கணக்கு அதைத் தாண்டிவிடுகிறது.

நீங்கள் பார்க்கப் போகும் கார் ட்யூனர் கார் என்றால், வரிசை எண்ணையும் வின்னையும் முதலில் வாங்கி, அந்த நிறுவனத்துக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள். கடைக்காரர் காட்டும் பதில் வேண்டாம், பதில் உங்கள் முகவரிக்கே வர வேண்டும். வேலை செய்த பில், ட்யூன் யார் போட்டது, சூப்பர்சார்ஜரின் சொந்த வரிசை எண், இவற்றில் ஒன்றைக்கூட "அப்புறம் தருகிறோம்" என்றால் அதைச் சாதாரண ஜிடி விலைக்குக்கூட வாங்காதீர்கள்.

அதே கடை இப்போது நீல நிற கேமரோ ஒன்றை விளம்பரத்தில் போட்டிருக்கிறது. ட்யூனர் பெயர் வேறு, மற்றபடி வாசகம் என் காருக்குப் போட்டதேதான், சான்றிதழ் தபாலில் வருகிறது என்பது உட்பட. பிளேனோ, ஃபிரிஸ்கோ பக்கம் யாராவது அதைப் பார்க்கப் போவதாக இருந்தால், கிளம்புவதற்கு முன் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்.