எஸ்.பி.பி. மாலை: டச்பே கடற்கரையா, மண்டபமா?

ஜூன் 4 பாலு சாரின் பிறந்தநாள். 2020 செப்டம்பர் 25 அவர் எங்களை விட்டுப் போன நாள். எந்த நாளில் கூடினாலும் திருகோணமலையில எங்கட ஆட்களுக்குள்ள ஒரே இழுபறி: கடற்கரையா, மண்டபமா?

செலவு
கடற்கரை: ரெண்டு பாய், ஒரு பிளாஸ்க் பிளேன்ரீ. முடிஞ்சுது.
மண்டபம்: வாடகை, கதிரை, சவுண்ட். காசு சேர்க்க வேணும்.

சத்தம்
எனக்கு இதுதான் பெரிய விசயம். ஒரு சொல்லுக்குள்ளேயே சின்னதாச் சிரிப்பாரே, வரி முடியேக்க மூச்சை மெல்ல விடுவாரே, அதுக்காகத்தானே நாங்கள் கூடுறது! ஜூனில கச்சான் காற்று மைக்கில இரையும். கைலேஞ்சி சுத்திப் பார்த்தம், சரிவரேல்ல. மண்டபத்தில கதவைச் சாத்தினா அந்த மூச்சு வரைக்கும் கேட்கும்.

மழை
ஜூனில பயமில்லை. செப்டம்பர் கடைசியில பின்னேர மழை வரலாம், ஸ்பீக்கர் பெட்டிகளை வெளியில வைக்கேலாது.

ஆட்கள்
மண்டபத்துக்குச் சொன்னவை மட்டும் வருவினம். கடற்கரையில, போனமுறை கடலை வித்துக்கொண்டு போன ஐயா ஒருத்தர் கூடையை மணலில இறக்கிவச்சிட்டு, சரணம் முழுக்கப் பிசகாமப் பாடினார். எங்களில ஒருத்தருக்கும் அந்த வரிகள் முழுசாத் தெரியாது.

ஆகவே, பிறந்தநாளுக்கு மைக் இல்லாமச் சேர்ந்து பாட டச்பே. நினைவுநாளுக்கு, நாலு மொழியில அவர் வாங்கின ஆறு தேசிய விருதுப் பாட்டுகளையும் இருந்து கேட்க மண்டபம்.