சோனோபேயா, முக்கோணமா?

மடித்த தாள் துண்டுகளை ஒன்றில் ஒன்று செருகிச் சிற்பம் செய்ய ஓவிய வகுப்பில் இரண்டு வழிகளையும் செய்து பார்த்துவிட்டேன். ஒன்று சதுரத் தாளில் மடிக்கும் சோனோபே என்ற துண்டு, மற்றொன்று சின்ன முக்கோணத் துண்டுகளை அடுக்கிக்கொண்டே போவது. இப்போது நான் முக்கோணக் கட்சி.

சோனோபேயின் அழகை மறுக்க முடியாது. சதுரத் தாள், சில மடிப்பு, ஒரு இணைகரம். அதில் செருக இரண்டு நாக்கு, அதை வாங்கிக்கொள்ள இரண்டு பை. ஆறு துண்டில் கனசதுரம், பன்னிரண்டில் எட்டு கூம்பு நட்சத்திரம், முப்பதில் பந்து. பந்துக்கு ஏன் முப்பது என்றால், இருபது முகங்கள் கொண்ட ஐகோசஹீட்ரனுக்கு விளிம்புகள் முப்பது. விளிம்புக்கு ஒரு துண்டு. கணக்கு வாத்தியார் இங்கே குஷியாகிவிடுவார். பசை வேண்டாம், தாளும் குறைவு.

முக்கோணத்துக்குத் தாள் எக்கச்சக்கம். ஏ4 தாளை 32 ஆகக் கிழித்து, ஒவ்வொன்றையும் மடிக்க வேண்டும். ஒரு நடுத்தர அன்னத்துக்கே சில நூறு துண்டு ஆகும். பொறுமை இல்லாத பிள்ளை மூன்றாவது நாள் ஓடிவிடும்.

இருந்தும் அதையே தேர்ந்தெடுத்தேன். காரணம் ஒன்றுதான்: வகுப்பில் மடிப்பது ஒரு கை இல்லை, முப்பது கை.

சோனோபே துண்டுக்கு இடம், வலம் உண்டு. ஓரத்தை எந்தப் பக்கம் சாய்த்து மடிக்கிறோமோ அதற்கேற்ப வலப்பக்கம் சரிந்த இணைகரமோ, இடப்பக்கம் சரிந்ததோ வரும். இரண்டும் ஒன்றோடொன்று கோக்காது. நான் பலகை முன் வகுப்பைப் பார்த்து நின்று மடித்துக் காட்டினேன். சிலர் என் கையைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் அப்படியே திருப்பி மடித்திருக்கிறார்கள். முப்பது துண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் குலுக்கிய பிறகுதான் தெரிந்தது, ஏழு மாறிப்போயிருந்தது. "மிஸ், என்னோடது மட்டும் ஏன் உள்ளே போக மாட்டேங்குது?" என்று ஒருத்தி அழுத்திய அழுத்தில் பையின் ஓரம் கிழிந்தது. மேசையில் வரிசையாகப் பரப்பி, எதிர்ப்பக்கம் சரிந்ததைப் பொறுக்கியெடுப்பதிலேயே அந்த வகுப்பு முடிந்துபோனது. சதுரம் கொஞ்சம் கோணலாக வெட்டியிருந்தால் இன்னொரு தலைவலி. கூம்புகளுக்கு நடுவே இடைவெளி விழும், பந்து மூடும் இடத்தில் எல்லாப் பிழையும் வந்து சேரும்.

முக்கோணத்துக்கு இடம் வலம் கிடையாது, நடுவில் மடித்தால் இரு பாதியும் ஒன்று. கீழ்வரிசையில் பக்கத்துப் பக்கத்து இரண்டு துண்டுகளின் முனைகள், மேல் துண்டின் இரண்டு பைகளில் போகும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடக்குறைய இருந்தாலும் தாளின் விறைப்பே அதை விழுங்கிவிடும். 1993-ல் நியூயார்க் அருகே தரைதட்டிய கோல்டன் வென்ச்சர் கப்பலில் அனுமதியின்றிக் குடியேற வந்து, பென்சில்வேனியாவின் யார்க் சிறையில் அடைபட்டிருந்த சீனர்கள் பத்திரிகைத் தாளை இப்படித்தான் மடித்துப் பறவைகள் செய்தார்கள். அதைப் படித்துவிட்டு நானும் பழைய பத்திரிகைத் தாளில் முயன்றேன். சோனோபேயில் தொளதொளத்த தாள் இதில் நன்றாகவே நின்றது.

குறை இல்லாமல் இல்லை. முதல் மூன்று வரிசை வட்டமாக மூடும்வரை நழுவிக்கொண்டே இருக்கும். இருவர் சேர்ந்து பிடிக்க வேண்டும். நடுவரிசையில் ஒன்று நசுங்கினால் மேலே உள்ளதைக் கழற்றாமல் மாற்ற முடியாது. பசை போடாமல் எத்தனை வருடம் தாங்கும் என்றும் சொல்ல மாட்டேன். முக்கோணத்தில் நான் செய்த ஜாடிக்கு ஒரு வயதுதான் ஆகிறது.

ஒரே ஒரு வகுப்பு நேரம்தான் கையில் இருக்கிறது என்றால் சோனோபே கனசதுரம் போதும். ஆனால் குழந்தைகளை நாற்காலியைத் திருப்பிப் போட்டு, நீங்கள் பார்க்கும் திசையிலேயே உட்காரச் சொல்லிவிட்டு மடிக்கத் தொடங்குங்கள்.